தீவாகிற மேட்டுக்கு முதலிடம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வரைபடத்தில் மலைகளை அளந்து தரம்பிரிப்பதை ஓய்வுநேர வேலையாகச் செய்யும் நான், கோத்தகிரியிலிருந்து மலையே இல்லாத காரைக்காலுக்குப் போனேன்.
2. தவறான ஊரில் இறங்கினேன்.
3. ஒரு தென்னந்தோப்பைக் குன்று என்று நம்பித் தேடிப் போனேன்.
4. குரும்பகரத்தில் ஏழு மேடுகளை அளந்து பட்டியல் போட்டேன். அதில் ஒன்றை அடித்துவிட்டேன்.
5. அதனால், வெள்ளம் வந்தால் நடக்க முடியாத கணவரையும் நான்கு மாடுகளையும் எங்கே கொண்டுபோவது என்ற ஒருவரின் கேள்விக்குத் தவறான பதில் எழுத்தில் போகவிருந்தது.
6. மீன் விற்க வந்தவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.
7. பட்டியலை மாற்றினேன். அதை எல்லார் முன்னாலும் சொல்லவேண்டியிருந்தது.

இனி விவரம்.

மலையின் உயரம் வேறு, தனியுயரம் வேறு. நீங்கள் ஒரு மலையுச்சியில் நிற்கிறீர்கள், அதைவிட உயரமான இன்னொரு மலைக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் முதலில் இறங்கித்தான் ஆகவேண்டும். ஆகக் குறைவாக இறங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வழியில் உள்ள தாழ்ந்த இடத்துக்கு எங்கள் குழுவில் ‘கழுத்து’ என்று பெயர். கழுத்திலிருந்து உச்சிவரை உள்ள உயரம்தான் தனியுயரம். அது அதிகமென்றால் தனி மலை. குறைவென்றால், எவ்வளவு உயர்ந்து நின்றாலும் அது பக்கத்து மலையின் தோள்தான்.

எங்கள் குழுவில் நான்கு பேர். மாலை நேரங்களில் வரைபடங்களை வைத்துக்கொண்டு கழுத்துகளைத் தேடுவோம். பெயரும் புகழும் உள்ள எத்தனையோ மலைகள் இப்படிப் பார்த்ததில் தோள்களாகிவிட்டன. யாரும் பெயர் வைக்காத சில குன்றுகள் தனி மலைகளாயின. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பட்டியலிலிருந்து நீக்கியவள் நான்தான். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “ஐம்பது வருஷமா பாக்குறேன், அது மலை இல்லைங்கறியா?” என்று அம்மாவிடம் சொல்லி எனக்குக் கேட்க வைத்தார்.

கயல்விழி என் கல்லூரித் தோழி. குரும்பகரத்துப் பெண், காரைக்கால் நகரத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை. ஆகஸ்டில் தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏய் ரேவதி, நீ மலைக்கெல்லாம் மார்க் போடுறியே, எங்க ஊரு மேட்டுக்கும் போட்டுக் குடேன்.”

விஷயம் இதுதான். முந்தைய மழையில் குரும்பகரத்தின் ஒரு பகுதி தண்ணீரில் நின்றது. பிரான்சில் குடியேறிய அவ்வூர்க் குடும்பம் ஒன்று, வெள்ளத்தில் தங்க ஒரு கொட்டகையும் கைப்பம்பும் அமைத்துத் தர முன்வந்தது. ஒரே ஒரு கொட்டகை. எந்த மேட்டில் கட்டுவது என்பதில் ஊரில் இரண்டு கட்சி. ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அளந்து, எழுத்தில் வரிசைப்படுத்திக் கொடுத்தால் அதன்படி கட்டுகிறோம் என்று பிரான்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு விடுப்பு மிச்சமிருந்தது. சமவெளியில் தனியுயரம் அளந்தவர்கள் எங்கள் குழுவில் யாரும் இல்லை. கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை

பேருந்தில் நடத்துநர், “கோட்டுச்சேரியா, கோட்டுச்சேரிமேடா?” என்றார். கயல் கோட்டுச்சேரியில் வந்து அழைத்துக்கொள்வதாகத்தான் சொல்லியிருந்தாள். ஆனாலும் மேடு என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாய் முந்திக்கொண்டது. “மேடுங்க” என்றேன்.

முக்கியச் சாலையில் இறக்கிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனால் கடல். மணலில் கண்ணாடியிழைப் படகுகள், நீல வலைகள், ஒரு டிராக்டர். தரை தோசைக்கல் போல இருந்தது. வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் மேடு எங்கே என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க நிக்கிறதுதாம்மா.”

குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். “எறங்கிடாதீங்க, வழுக்கும்” என்றார்.

இந்தக் கரையில் மீனவ ஊர்கள் பலவற்றின் பெயர் மேடு என்றுதான் முடிகிறது. எங்கள் ஊரில் மாடிப்படி ஏறும் உயரம்கூட இல்லாத இடங்கள். அப்போது அதை வேடிக்கை என்றே குறித்துக்கொண்டேன்.

கயல் ஸ்கூட்டியில் வந்து திட்டியபடியே ஏற்றிக்கொண்டாள். பசிக்கிறது என்றதும் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் நடுவில் இறால் பதித்த வாடா. எங்கள் பக்கத்து வடையைவிடப் பருமன், உள்ளே வெங்காயம் இனித்தது. மூன்று தின்றேன். எங்களுக்கு முன்னால் சாலையைக் கடந்த போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி வைத்திருந்தார். பக்கத்து மேசையில் ஒருவர் கைப்பேசியில் பிரெஞ்சில் யாரையோ அதட்டிவிட்டு, கடைக்காரரிடம் தமிழில் சீனி குறைவாகக் கேட்டார். வெளிநாட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் எல்லாருடைய பேச்சும் புரிந்தது.

வருவதற்கு முன்பே வீட்டில் வரைபடம் பார்த்திருந்தேன். அச்சிட்ட பழைய தாளில் காரைக்கால் பகுதியில் ஒரு சமவுயரக் கோடுகூட இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாகக் கோடே இல்லாத தாளைப் பார்த்தேன். அதனால் செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கிக்கொண்டேன். அதில் குரும்பகரத்துக்கு மேற்கே பன்னிரண்டு மீட்டரில் அழகான ஒரு குன்று இருந்தது. சரிவு நான்கு பக்கமும் ஒரே சீர். அதைத்தான் அன்று மாலை முதலில் பார்க்கப் போனோம்.

தென்னந்தோப்பு.

கயல் தோப்பின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். “எங்கடி மலை?”

செயற்கைக்கோள் தரையைப் பார்க்கவில்லை, மட்டைகளின் தலையைப் பார்த்திருக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எங்கள் ஊரில் இரண்டாயிரம் மீட்டர் மலையில் மரத்தின் பன்னிரண்டு மீட்டரை யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே மரம்தான் மலை. தோப்புக்காரர், “ஏறிப் பாக்குறீங்களா? எளநியும் பறிச்சுக்கலாம்” என்றார். குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை

கயல் அலுவலகத்திலிருந்து மட்டம் பார்க்கும் லெவல் கருவியையும் முக்காலியையும் அளவுகோலையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஒரு மதகுச் சுவரில் பொறித்திருந்த கடல்மட்டக் குறியிலிருந்து தொடங்கினோம். நான் கருவி வழியே பார்க்க, அவள் கோலைப் பிடித்தாள். வயலில் அப்போதுதான் நாற்று பிடித்திருந்தது. வரப்பில் நடக்க எனக்குக் கால் வரவில்லை. செங்குத்துச் சரிவில் தேயிலைக்கு நடுவே ஓடுகிறவள், ஒரு சாண் வரப்பில் இரண்டு முறை சேற்றில் இறங்கினேன்.

வயல்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் நிலத்தை இங்கே திடல் என்கிறார்கள். ஊரின் உயரமான இடம் புளியந்திடல். உச்சி ஐந்தே கால் மீட்டர். பெரிய புளியமரம், பக்கத்தில் மூன்று வீடுகள். அங்கே ஏறி நின்றால் உண்மையிலேயே காற்று வந்தது. போன வெள்ளத்தில் ஆட்களைக் கொண்டுபோய் வைத்தது இங்கேதான்.

இன்னொன்று களத்துமேடு. நெல் அடிக்கும் களம், நாலேகால் மீட்டர். அதற்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மிகச் சிறிய தாழ்வு. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாது. களத்தை ஒட்டி ஒரு வீட்டின் கொல்லை. அங்கே நான்கு மாடுகள் கட்டியிருந்தன. நாங்கள் முக்காலியை நிறுத்தியதும் ஒரு பெண்மணி குடையோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.

“வெயில்ல மண்ட காயுது பாப்பா. நீ பாரு, நா புடிக்கிறேன்.”

“இவங்கதான் வசந்தா அக்கா” என்றாள் கயல்.

வசந்தா அக்காவின் கணவருக்குப் பக்கவாதம். வலது கால் நடக்காது. வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். போன வெள்ளத்தில் அவரைத் திடலுக்குத் தூக்கிப் போனார்கள். மாடுகளையும் ஓட்டிப் போனார்கள்.

“ரெண்டு நாளு. சுத்தி எங்க பாத்தாலும் தண்ணி, குடிக்க ஒரு வாய் இல்ல. வைக்கோல் இல்ல. கன்னுக்குட்டி ஒன்னு அங்கேயே போச்சு. இவருக்கு மாத்திரை தீந்து போயி வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு.” குடையை வேறு கைக்கு மாற்றினார். “இந்தக் களத்துலயே இருந்திருப்போம். கொட்டாய இங்க கட்டுங்கன்னு கேட்டா, ஒன் கொல்லைய ஒட்டி இருக்குன்னு பேசுறன்னுட்டாங்க.”

நான் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டேன். அளப்பவள் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை.

பிற்பகலிலேயே ஏழு மேடுகளும் முடிந்தன. கயல் வீட்டில் அவள் அம்மா சென்னாக்குன்னி என்ற பொடி இறால் கருவாட்டை இடித்த பொடி போட்டுச் சோறு பிசைந்து தந்தார். கையை நக்கியபடியே மடிக்கணினியில் அட்டவணை போட்டேன். மூன்று பத்திகள்: உச்சி, கழுத்து, தனியுயரம். மூன்றாவது பத்தியை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். இதை நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறேன். விரல் தானாகப் போகும்.

புளியந்திடல் முதலிடம். உச்சி 5.2, கழுத்து 2.4, தனியுயரம் 2.8. ஊரில் வேறெதுவும் கிட்டே வரவில்லை. களத்துமேட்டின் உச்சி 4.3, கழுத்து 3.9. தனியுயரம் வெறும் 0.4. அரை மீட்டருக்குக் கீழே இருப்பதைத் தனி மேடாகக் கொள்வதில்லை என்று தொடங்கும்போதே முடிவுசெய்திருந்தேன். அதனால் அதை நீக்கி, அடிக்குறிப்பில் எழுதினேன்: ‘தனி மேடு அல்ல. சாலைக் கரையின் தோள்.’

அன்று மாலை பள்ளிக்கூடத் திண்ணைப்படியில் பதினைந்து பேர் கூடினார்கள். வெள்ளக் குழுவுக்குத் தலைவர் ரவி அண்ணன், பள்ளி வேன் ஓட்டுபவர். தனியுயரம் என்றால் என்ன என்று நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணத்தைச் சொன்னேன். “கடல் மெல்ல ஏறிக்கிட்டே வருதுன்னு வைங்க. ஒரு மேடு எப்ப தீவா மாறுதோ, அப்ப தண்ணிக்கு மேல எவ்வளவு நிக்குதோ, அதுதான் தனியுயரம். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய மேடு.” எல்லாருக்கும் புரிந்தது. பட்டியலை வாசித்தேன்.

ரவி அண்ணன் முகம் மலர்ந்தது. “நா சொல்லல? திடல்தான். கம்ப்யூட்டரே சொல்லுது.”

“களத்துமேடு எத்தனையாவது?” என்றார் வசந்தா அக்கா.

“அது பட்டியல்லயே இல்லைங்க” என்றேன்.

“இல்லன்னா?”

“அது தனி மேடு இல்லைங்க. ரோட்டோட சேந்தது.”

யாரோ, “அக்கா, ஒன் மேட்ட மேடே இல்லன்னுட்டாங்க” என்றார். சிரிப்பு எழுந்தது. வசந்தா அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “நல்லா பாத்தியாம்மா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். எழுந்து போய்விட்டார். ஞாயிறு மாலை பிரான்ஸ்காரர்கள் அழைக்கும்போது பட்டியலை அனுப்பிவிடுவது என்று முடிவானது.

சனிக்கிழமை

காலை ஏழு மணிக்குக் கயல் வீட்டு வாசலில் மொபெட் சத்தம். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் செல்லக்கிளி அக்கா. அலுமினிய அன்னக்கூடை நிறையச் சூடை மீன், மேலே கொஞ்சம் நெத்திலி. முந்தைய மாலையின் கதை அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

“மலக்காரப் பொண்ணு நீதானா? திடலுக்கு மொத ரேங்க் குடுத்தியாமே?”

கயலின் அம்மா, “அளந்து பாத்துச் சொல்லியிருக்கு கிளி” என்றார்.

“எப்புடி அளந்துச்சு?”

நான் மறுபடி கடல் ஏறும் உதாரணத்தைச் சொன்னேன். அவர் தராசில் மீனை அள்ளிப் போட்டபடியே கேட்டார். நான் முடித்ததும் கையை நிறுத்தினார்.

“தீவா நிக்கிறதுக்கா மொத ரேங்க்கு?”

“ஆமாங்க, எது ரொம்பத் தனியா...”

“ஏம்மா, போன மழைக்கு எங்க ஊட்டுக்காரரு படகை டிராக்டர்ல ஏத்தியாந்து, அந்தத் திடல்லேருந்துதான் ஆளுங்கள எறக்குனாரு. தீவா நின்னவங்களத்தான் நாங்க வந்து தூக்குனோம். நீ அதுக்குப் போயி பரிசு குடுக்குற!”

கயலின் அம்மா சிரித்தார். செல்லக்கிளி அக்காவும் சிரித்தார். நான் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தேன்.

எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. நடுப்பத்தியைப் பார்த்தேன். புளியந்திடலின் கழுத்து 2.4. ஏழில் அதுதான் ஆகத் தாழ்ந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதலில் துண்டிக்கப்படுவது அதுதான். களத்துமேட்டின் கழுத்து 3.9. ஏழில் அதுதான் ஆக உயர்ந்தது. கடைசிவரை சாலையோடு ஒட்டியிருக்கும். எங்கள் மலைகளில் ஒரு சிகரத்தின் பெருமையே அது மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதில் இருக்கிறது. அங்கே விலகி நிற்கும் மலையால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பழக்கத்தில் விரல் போன இடத்துக்கு மனம் போகவில்லை. வெள்ளத்தில் சேர்ந்து நிற்பதுதான் தேவை. நான் தோள் என்று அடித்துத் தள்ளியது ஒன்றே ஒன்றுதான், அதுதான் விடை.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதால், சரிபார்க்க வேண்டியவற்றை எழுதினேன். முதலாவது, போன வெள்ளம் எந்த உயரம்வரை வந்தது. இரண்டாவது, படகு எங்கெல்லாம் போனது.

இரண்டாவதற்காகச் செல்லக்கிளி அக்காவின் மொபெட்டில், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்குப் போனேன். வழியில் பெட்ரோல் தீர்ந்து அரைக் கிலோமீட்டர் தள்ளினோம். “மலையேறுற காலுதானே, தள்ளு” என்றார். அவர் கணவர் மாதவன் கரையில் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். குரும்பகரத்தில் படகு விட்ட இடங்களைச் சொல்லச் சொன்னேன். விரல் மடக்கிச் சொன்னார்: திடலுக்கு நான்கு நடை, வடக்கே இருக்கும் இரண்டு சின்ன மேடுகளுக்கு ஒவ்வொரு நடை.

“களத்துமேட்டுக்கு?”

“அங்க எதுக்கு? அங்க இருந்த ரெண்டு குடும்பம் நடந்தே ரோட்டுக்கு வந்து வண்டி ஏறிட்டாங்களே.” பிறகு தானாகவே சொன்னார்: “போட்டுன்னா எல்லாரும் பெருசா நெனக்கிறாங்க. வயல்ல வேலிக் கம்பி கெடக்கும், கரண்டுக் கம்பி கெடக்கும். வர்றதுக்கு அரை நாளு ஆச்சு எங்களுக்கு.”

செல்லக்கிளி அக்கா சூடை மீன் குழம்போடு சோறு போட்டார். முள்ளை எடுக்கத் தெரியாமல் நான் திண்டாடியதை அவர் பார்த்தார். பிறகு தட்டை இழுத்து முள் எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் ரவி அண்ணன் வீட்டுக்கு நானும் கயலும் போனோம். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வரிசை தப்பு. நான் போட்டதுதான். மாத்தணும்.”

குழாயை நிறுத்தினார். “என்னா மாத்தணும்?”

“களத்துமேடு முதல்ல வரும். திடல் கடைசி.”

ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். “நேத்து வசந்தா அக்கா வந்து அழுவுச்சாக்கும்.”

“இல்லண்ணே. நான் அவங்களப் பாக்கவே இல்ல.”

“முந்தாநாளு ஊரு முன்னாடி மேடே இல்லன்னீங்க. இன்னக்கி அதுதான் ஒசத்தின்னா, எதத் தங்கச்சி நம்புறது?”

நியாயமான கேள்வி. என் சொல்லை நம்பவேண்டாம், நீங்களே பாருங்கள் என்றேன்.

ரேஷன் கடைச் சுவரில் போன வெள்ளத்தின் கறை இன்னும் இருந்தது. யாரோ அதன்மேல் பெயின்டால் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டிலிருந்து மட்டம் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். தெருவில் முக்காலியைப் பார்த்ததும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வசந்தா அக்காவும் வந்தார், ஆனால் இந்த முறை குடை பிடிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

திடலுக்குப் போகும் வழியில் தாழ்ந்த இடத்தில் கயல் கோலைப் பிடித்தாள். வெள்ளக் கோட்டின் உயரம் கோலில் எங்கே வருகிறதோ அங்கே ஒரு சிவப்பு ரப்பர் பட்டையை மாட்டச் சொன்னேன். ரவி அண்ணனைக் கருவி வழியே பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூட அவருக்கு வரவில்லை, கையால் பொத்திக்கொண்டார்.

“என்னா எழுதியிருக்கு?”

“நீங்களே படிங்க.”

“ஒன்னு... ஒன்னு பத்து.”

கயலின் நெஞ்சுக்கு நேரே பட்டை இருந்தது. அவளுக்குப் பின்னால் நாற்று, அதற்குப் பின்னால் திடலின் புளியமரம்.

பிறகு களத்துமேட்டுக்கு வந்தோம். களத்துக்கும் சாலைக்கும் நடுவே உள்ள தாழ்வில் கோலை நிறுத்தினோம். பட்டை மாட்ட இடமே இல்லை. வெள்ளக் கோடு தரைக்கு நாற்பது சென்டிமீட்டர் கீழே இருந்தது. ரவி அண்ணன் மறுபடி கண்ணைப் பொத்திப் பார்த்தார், நிமிர்ந்தார், தார்ச்சாலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்திலிருந்து சாலைவரை ஒருமுறை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

“அப்ப, நா இவரத் தோள்ல போட்டுக்கிட்டு அங்க போனது...” என்று வாசலில் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். “நெஞ்சளவு தண்ணியில அரை மணி நேரம். இங்கேருந்து நாப்பதடி நடந்திருந்தா ரோடு.”

அவரைக் குற்றம் சொல்ல அங்கே ஒருவருக்கு உரிமை இருந்தது. எல்லாரும் வசந்தா அக்காவைத்தான் பார்த்தார்கள்.

“நீங்க தூக்குனீங்க” என்றார் அவர். “ஊர்ல யாரு வந்து தூக்குனா? எங்க தூக்கிட்டுப் போவணும்னுதான் தெரியல. அது யாருக்குமே தெரியலையே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இந்தப் புள்ளைக்கே தெரியல. படிச்ச புள்ள.”

சிரிப்பு எழுந்தது. இந்த முறை அவரும் சிரித்தார். நானும்.

அவர் கணவர் வாசலிலிருந்து ஏதோ சொன்னார். பேச்சு குழறியதால் எனக்குப் புரியவில்லை. வசந்தா அக்கா ரவி அண்ணனிடம் எடுத்துச் சொன்னார்: “அடுத்த தடவ ஒங்க முதுகு தப்பிச்சுதுன்னு சொல்றாரு.”

திடலில் இருக்கும் மூன்று வீட்டில் ஒரு வீட்டுப் பெண் அப்போது முன்னால் வந்தார். “எல்லாஞ் சரி. கொட்டாய இங்க கட்டிட்டா, நாங்க அங்கேருந்து எப்புடி வர்றது? எங்கள அப்படியே தீவா விட்டுடுவீங்களா?”

கழுத்தை உயர்த்தலாம், அங்கே மண் கொட்டிப் பாதை போட்டால் வழி கிடைக்கும் என்றேன். ஆனால் அந்தத் தாழ்வு வழியாகத்தான் மேற்கு வயல்களின் தண்ணீர் வடிகிறது. அதை அடைத்தால் வயல் தண்ணீரில் நிற்கும். மதகு வைத்துக் கட்டவேண்டும். “மொத தண்ணியிலேயே இவங்களக் கூட்டியாந்துடணும். ஏறுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அத நா பாத்துக்குறேன்” என்றார் ரவி அண்ணன்.

மாலையில் பிரான்சிலிருந்து காணொளி அழைப்பு வந்தது. நடுவயதுப் பெண்மணி ஒருவர் தமிழில் பேசினார். பக்கத்தில் அவர் மகள். நான் முதல் பட்டியலையும் காட்டினேன், இரண்டாவதையும் காட்டினேன், எங்கே தவறினேன் என்றும் சொன்னேன். மகள் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அம்மா சிரித்து மொழிபெயர்த்தார்: “உயரமா இருக்கிற எடத்த விட்டுட்டு ஏன் குட்டையா இருக்கிற எடத்துல கட்டுறீங்கன்னு கேக்குறா.”

பதிலை ரவி அண்ணன் சொன்னார். “அங்கேருந்து வீட்டுக்கு நடந்து வர முடியாதும்மா. இங்கேருந்து முடியும்.”

இதை எழுதும்போது உள்ள நிலை: களத்துமேட்டில் எட்டுத் தூண்களுக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. கைப்பம்புக்குப் போட்ட முதல் துளையில் உப்புத் தண்ணீர் வந்ததால், சாலைப் பக்கம் தள்ளி இரண்டாவது துளை போடுகிறார்கள். களத்துமேட்டைத் தோள் என்று நீக்கிய அடிக்குறிப்பை நான் திருத்திவிட்டேன். எங்கள் குழுவின் அட்டவணையில் கழுத்தின் உயரத்தை வைத்து வரிசைப்படுத்த ஒரு வசதியும் சேர்த்திருக்கிறோம். புளியந்திடலின் மூன்று வீடுகளுக்கு மதகோடு கூடிய பாதை கேட்டுக் கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள், பதில் வரவில்லை. வசந்தா அக்கா கணவரைத் தள்ளிப்போகச் சக்கர நாற்காலி ஒன்று வாங்கி, களத்துக்கும் சாலைக்கும் நடுவே இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டார். கூரை இன்னும் போடவில்லை. மழை இன்னும் தொடங்கவில்லை.